சிறுநீரகப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் என்பவை ஏறத்தாழ 22 நியூக்ளியோட்டைடுகள் நீளமுள்ளவை. தாம் புரதமாக மாறாமல், பிற மரபணுக்களின் தூதுவ ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து அவற்றின் புரத ஆக்கத்தைக் குறைப்பவை. 1993இல் உருளைப்புழுவில் இவற்றை முதலில் இனங்கண்ட விக்டர் அம்புரோசும் கேரி ரவ்குனும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

பெரியவர்களின் சிறுநீரகப் புற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, செல்கள் நுண்ணோக்கியில் வெளிறித் தோன்றும் தெளிசெல் வகையாகும். இதில் பெரும்பாலும் மூன்றாம் குரோமோசோமிலுள்ள வி.எச்.எல். மரபணு செயலிழக்கிறது, அதனால் ஆக்சிஜன் குறையும்போது மட்டுமே நிலைக்கவேண்டிய ஹிஃப் புரதம் அழிக்கப்படாமல் தேங்க, செல் மூச்சுத்திணறலில் இருப்பதுபோலவே இயங்கி, புதிய இரத்தக் குழாய்களைத் தூண்டுவதோடு மிர்-210 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் மிகுதியாக்குகிறது. மிர்-210, மைட்டோகாண்டிரியாவின் இரும்பு-கந்தகத் தொகுதிகளை அமைக்கும் புரதத்தைக் குறைத்துச் செல்லின் ஆற்றலாக்கத்தை மாற்றுகிறது. எனினும் அதன் மிகுதி எப்போதும் கெட்ட அறிகுறியன்று. சில ஆய்வுகளில் அது நல்ல விளைவோடு சேர்ந்தே காணப்பட்டது. இம்முரண்பாடு இன்னும் தீரவில்லை.

மிர்-21இன் நிலை இதைவிடத் தெளிவானது. பீடென் போன்ற கட்டி அடக்கிகளை ஒடுக்கும் இது மிகுந்த நோயாளிகளின் வாழ்நாள் குறைவாக இருப்பதை, 400க்கு மேற்பட்ட கட்டிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்ட ஆய்வும் காட்டியது. மிர்-141 உள்ளிட்ட மிர்-200 குடும்பமோ கட்டிகளில் குறைகிறது. செல்கள் ஒன்றையொன்று பற்றி நிற்க உதவும் அது குறைவதால் பரவல் எளிதாகிறது.

மாதிரியைப் பாதுகாக்கும் முறையும் அளவீட்டு முறையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால், சிகிச்சை முடிவு இன்றும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவையன்றி, கட்டியின் நிலையையும் செல்களின் தரத்தையுமே சார்ந்துள்ளது. ஆயினும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இரத்தத்தில் சிதையாது நிலைப்பதால், கல்வராயன் மலையின் வெள்ளிமலை போன்ற ஊர்களில் எடுத்த இரத்தத்தைத் தொலைவிலுள்ள ஆய்வகத்தில் சோதிக்கும் வாய்ப்பு கொள்கையளவில் உண்டு. வெள்ளிமலை அடங்கிய, 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. சிறு கட்டிகள் அறிகுறியின்றி அல்ட்ராசவுண்டில் தற்செயலாகவே தென்படுவதால், அப்பரிசோதனை மலையூர்களை எட்டுவதே முதல் தேவை. வலியின்றிச் சிறுநீரில் ஒருமுறை இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.