தினைக்கதிரும் கடிக்கிற கிளியும்

என் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் அரைநெல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கு. ஆறாப்பு படிக்கும்போது எட்டயபுரத்தில் வாங்கினது. அதே விரலில் கொஞ்சம் மேலே இன்னொரு தழும்பு. இது போன வருஷம் வாங்கினது. ரெண்டும் கிளி போட்ட கையெழுத்து. ரெண்டு கடிக்கும் நடுவில நாற்பது வருஷம் ஓடிப்போச்சு. முதல் கடிக்கு நான் அந்தக் கிளியைக் குத்தம் சொன்னேன். ரெண்டாவது கடிக்கு என்னைத்தான் சொல்லிக்க வேண்டியிருந்தது. நடுவில என்ன மாறுச்சுன்னு யோசிச்சப்ப, விஷயம் நம்ம வீட்டோட நிக்கலை, சங்ககாலம் வரைக்கும் போகுதுன்னு தெரிஞ்சது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம் மக்களே, டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல் கிளி நம்ம ஊர்ப் பச்சைக்கிளி. கரிசக்காட்டில் கிளிக்கு வீடு பனைமரப் பொந்து. மொட்டைப்பனையில் ஏறி, பொந்துக்குள் கையை விட்டு, இறகு முளைக்காத குஞ்சை எடுத்துட்டு வருவாங்க. மாமா அப்படித்தான் ஒண்ணு கொண்டாந்தார். கொஞ்சம் வளர்ந்ததும் ரெக்கையை வெட்டினார். மிளகாப்பழம் குடுத்தா நாக்கு திருந்தி நல்லாப் பேசும்னு ஆச்சி சொல்லுச்சு. (பறவைக்கு மிளகாய் உறைக்கவே உறைக்காது. அந்தக் காரத்தை உணர்ற வசதி நமக்கும் எலிக்கும்தான் இருக்கு, பறவைக்குக் கிடையாது. இது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆச்சு.) கிளி பேசலை. கடிச்சுது. கடிக்கும்போதெல்லாம் மாமா ஒரு விளக்குமாத்துக் குச்சியால அது மூக்குல சுண்டுவார்.

"பயம் இருந்தாத்தாம்லே பழகும்" என்பார்.

பழகலை. ஒரு நாள் கூண்டைத் திறந்து வச்சு நான்தான் கொய்யாப்பழம் குடுத்துக்கிட்டிருந்தேன். யாரோ கூப்பிட்டாங்கன்னு எழுந்து போனேன். திரும்பி வந்தப்ப முற்றத்தில் பச்சை இறகு நாலஞ்சு கிடந்தது. பூனை. பறக்கத் தெரிஞ்ச ஜென்மம், ரெக்கை இல்லாததால தத்தித் தத்திப் போயிருக்கும். கூண்டை மூடாம விட்டது நான். ரெக்கையை வெட்டினது மாமா. பழி யாருக்குன்னு இன்னைக்கும் எனக்குள்ள ஒரு வழக்கு ஓடிக்கிட்டுதான் இருக்கு.

மாமா பிளினியைப் படிச்சவர் இல்லை. ஆனா கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம்ல இருந்த பிளினியும் இதையேதான் எழுதி வச்சிருக்கார். கிளி இந்தியாவிலிருந்து வருது, பேசக் கத்துக் குடுக்கும்போது இரும்புக்கம்பியால தலையில அடிக்கணும், இல்லேன்னா அதுக்கு உறைக்காதுன்னு. அவருக்கு அஞ்சு நூறு வருஷம் முந்தி, பாரசீக அரசவையில் வைத்தியரா இருந்த டெசியாஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் மனுஷ பாஷை பேசுற பறவை இருக்கு, கிரேக்கம் சொல்லிக் குடுத்தா கிரேக்கமும் பேசும்னு வாயைப் பிளந்து எழுதினார். அப்புறம் அலெக்சாண்டரோட ஆட்கள் வந்து பார்த்து அவங்களும் ஆச்சரியப்பட்டாங்க. நம்ம பெரிய பச்சைக்கிளிக்கு இன்னைக்கும் அவர் பேரை ஒட்டித்தான் அலெக்சாண்ட்ரின் கிளின்னு பேர். நம்ம பக்கமும் சளைச்சது இல்லை. காமசூத்திரம் சொல்ற அறுபத்துநாலு கலையில் கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கத்துக் குடுக்கிறதும் ஒண்ணு. எல்லாருக்கும் கிளி *பேசணும்*. அது என்ன சொல்ல வருதுன்னு கேட்ட ஆளைத்தான் காணோம்.

சரி, தமிழுக்கு வருவோம். சங்கப் பாட்டில் கிளின்னா உடனே தினைப்புனம்தான். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மேல ஏறி நின்னு கிளி விரட்டுவாங்க. தழல், தட்டை, குளிர்னு அதுக்குன்னே கருவிகள் இருந்ததை கபிலர் குறிஞ்சிப்பாட்டில் சொல்றார். வள்ளி கதையே கிளி விரட்டப் போன இடத்தில் ஆரம்பிக்கிற காதல்தானே! ஐங்குறுநூறில் 281-லிருந்து 290 வரைக்கும் பத்துப் பாட்டு, பேரே கிள்ளைப் பத்து. அதுவும் கபிலர்தான். அந்தப் பாட்டுகளில் கிளிமேல கோபத்தைவிடப் பிரியம்தான் தூக்கல். கிளி வந்தாத்தான் அவள் காவலுக்கு வருவாள், அவள் வந்தாத்தான் இவன் பார்க்க முடியும்!

எங்க ஊர்ல தினை இல்லை, சோளமும் கம்பும். நாங்களும் பரண்மேல ஏறித் தகரடப்பாவைத் தட்டி "ஆலோ... ஆலோ..."ன்னு கத்தி விரட்டியிருக்கோம். அதனால கபிலர் சொல்ற காட்சி எனக்கு ஏட்டுப் படிப்பு இல்லை.

கபிலர் பேர்ல இன்னொரு கதையும் உண்டு. பாரியோட பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகை போட்டப்ப, கோட்டைக்குள்ள சோறு இல்லை. கபிலர் கிளிகளைப் பழக்கி வெளியே அனுப்பி நெற்கதிர் கொண்டுவர வச்சார்னு நாம படிச்சிருப்போம். அகநானூறு 303-ல் ஔவையார் இதைச் சொல்லும்போது கிளின்னு சொல்லலை, குரீஇ என்கிறார். குருவி. கிளியாக இருந்தாலும் சரி, குருவியாக இருந்தாலும் சரி, எனக்குப் பிடிச்ச இடம் வேற. அந்தப் பறவைக்கு ரெக்கை இருந்தது. மலையைவிட்டு வெளியே, வயலெல்லாம் கதிர் விளைஞ்சு கிடக்கிற இடத்துக்குப் போயிட்டு, பட்டினி கிடக்கிற இடத்துக்குத் *திரும்பி வந்தது*. கதையோ நிஜமோ, பழக்குறதுன்னா என்னன்னு இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்லலை.

அப்புறம் நாம என்ன பண்ணினோம்? மதுரையில் மீனாட்சி கையில கிளி. எங்க ஊர்லேருந்து கோவில்பட்டி, ராஜபாளையம் வழியா ஸ்ரீவில்லிபுத்தூர் போனா ஆண்டாள் கையிலயும் கிளி. அது தினமும் இலையாலும் பூவாலும் புதுசாக் கட்டுற கிளி. ரெண்டு பேர் கையிலயும் கிளி சும்மா உட்கார்ந்திருக்கு, கூண்டு இல்லை, கட்டு இல்லை. ஆனா அதே மீனாட்சி கோவிலில் கிளிக்கூட்டு மண்டபம்னு ஒண்ணு கட்டி, நிஜக் கிளிகளைக் கூண்டில் வச்சு அம்மன் பேரைச் சொல்லப் பழக்கினோம். (இப்ப அங்க கிளி இல்லை, பேர் மட்டும் இருக்கு.) அந்த மீனாட்சியைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே, கட்டை அவிழ்ப்பவளேன்னு பொருள் வர்ற இடத்துலதான் முத்துசாமி தீட்சிதர் 1835 தீபாவளி அன்னைக்கு எட்டயபுரத்தில் கண்ணை மூடினார்னு சொல்வாங்க. சமாதி எங்க ஊர்லதான் இருக்கு. சின்ன வயசில் அந்தப் பக்கம் விளையாடின எனக்கு, கட்டு அவிழ்க்கிறதுன்னா பெரிய தத்துவம்னுதான் தோணுச்சு. வீட்டுக் கூண்டு ஞாபகத்துக்கே வரலை.

கிளி ஜோசியக்காரரை எடுத்துக்குங்க. கதவைத் திறந்ததும் கிளி வெளியே வந்து, ஒரு சீட்டை எடுத்துக் குடுத்து, ஒரு நெல்மணியை வாங்கிக்கிட்டு உள்ளே போயிடும். ஒரு வேலைக்கு உடனே ஒரு கூலி. அமெரிக்காவில் ஸ்கின்னர் 1930-களில் எலியையும் அப்புறம் புறாவையும் வச்சு ஆராய்ச்சி பண்ணி எழுதின அதே சூத்திரத்தை நம்ம தெருவோர ஜோசியர் மரத்தடியில் செஞ்சு காட்டிக்கிட்டிருந்தார். அடி இல்லை, இரும்புக்கம்பி இல்லை. ஆனா ரெக்கை வெட்டியிருக்கும். அது உள்ளே போறது விருப்பத்தில் இல்லை, போக வேற இடம் இல்லை. கபிலர் பறவைக்கும் ஜோசியர் கிளிக்கும் வித்தியாசம் அங்கதான்.

சட்டமும் மெதுவாத்தான் வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1990-91 வாக்கில் நம்ம நாட்டுக் காட்டுப்பறவைகளைப் பிடிச்சு விற்கத் தடை. பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கிறது இன்னைக்குக் குத்தம். 2024 ஏப்ரலில் கடலூர் பக்கம் ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் குடுத்த கிளியால அதோட ஜோசியர் வனத்துறைகிட்ட மாட்டினது ஞாபகம் இருக்கும். பிழைப்பு போன அந்த ஆளை நினைச்சாலும் மனசு கஷ்டமாத்தான் இருந்தது. பனைப்பொந்தை நினைச்சா சட்டம் சரின்னும் படுது.

இப்ப ரெண்டாவது தழும்பு. வந்தது பச்சைக்கிளி இல்லை, காக்டீல். ஆஸ்திரேலியாக் கிளி வகை, சாம்பல் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. ஆஸ்திரேலியா தன் பறவைகளை ஏற்றுமதி பண்றதை 1960-லேயே நிறுத்திருச்சு. நம்ம கடையில் இருக்கிறதெல்லாம் தலைமுறை தலைமுறையா கூண்டில் பிறந்த வம்சம், வெளியே விட்டாலும் பிழைக்காது. தெரிஞ்ச வீட்ல ஒருத்தர், "கடிச்சே கொல்லுது, நீங்க வச்சுக்குங்க அண்ணாச்சி"ன்னு கூண்டோட தந்துட்டுப் போனார். ரெக்கை வெட்டியிருந்தது. பேர் வச்சேன், மிட்டாய். (கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் வேற என்ன பேர் வைப்பான்!)

மூணாவது நாளே பாசம் பொங்கி உள்ளே கையை விட்டேன். ரத்தம். கை தானாக் குச்சியைத் தேடுச்சு பாருங்க, அந்த நிமிஷம்தான் எனக்கு மாமா முகம் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துட்டேன்.

யோசிச்சா விஷயம் சிம்பிள். பயந்த பறவை முதல்ல செய்யுறது பறந்து போறது. ரெக்கையை வெட்டிட்டா அதுக்கு மிச்சம் இருக்கிறது அலகு மட்டும்தான். அதுவும் எடுத்ததும் கடிக்கிறதில்லை. கொண்டையைத் தலையோட ஒட்டிப் படுக்க வைக்கும், உஸ்ஸுன்னு சீறும், உடம்பைப் பின்னால சாய்க்கும். மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் நாலாவதா கடி. அந்த மூணையும் நான் கவனிக்கலை.

அப்புறம் செஞ்சதை வரிசையாச் சொல்றேன், யாருக்காவது உதவும். கூண்டை சுவர் ஓரமா, ஒரு பக்கம் மறைவு இருக்கிற மாதிரி வச்சேன். தினம் ஒரே நேரத்தில் ஆறடி தள்ளி உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுப் படிச்சேன். கொண்டை படுத்துச்சுன்னா அதுதான் எல்லைக்கோடு, ஒரு அடி பின்னால போயிடுவேன். பத்து நாளைக்கு அப்புறம், தெரிஞ்ச சம்சாரி ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சுத் தினைக்கதிர் வாங்கினேன். வெளிநாட்டில் கிளி வளர்க்கிறவங்க கதிரோட வாங்கித் தர்ற முதல் தீனியே நம்ம தினைதான்! நீளமான கதிரா கம்பி வழியா நீட்டினா விரல் தூரத்தில் இருக்கும். நாள் ஆக ஆகக் கதிர் குட்டையாச்சு, விரல் கிட்டப் போச்சு. ஒண்ணே ஒண்ணு, கொத்தினாலும் கத்துறதில்லை, கையை வெடுக்குன்னு இழுக்கிறதில்லை. அன்னைக்கு அதோட நிறுத்திக்குவேன். வெட்டின இறகு உதிர்ந்து புது இறகு முளைச்சப்ப அதைத் தொடவே இல்லை. அஞ்சாவது மாசம் கதவு, ஜன்னல் எல்லாம் அடைச்ச ஹால்ல கூண்டைத் திறந்து வச்சேன். மின்விசிறியை நிறுத்தியாச்சான்னு மூணு தடவை பார்த்தேன். ஒரு சுத்து பறந்துட்டு அலமாரி மேல உட்கார்ந்தது. அரை மணி நேரம் கழிச்சு, கதிர் பிடிச்சிருந்த என் முழங்கைக்கு வந்தது.

விரட்டுறதுக்கே பாட்டு எழுதின தினையை வச்சு ஒரு கிளியைக் கூப்பிட்டிருக்கேன். கபிலர் மன்னிக்கட்டும் :-)

இங்க ஒரு எச்சரிக்கை. எங்க ஊர்க்காரன் பேச்சு பாரதி இல்லாம முடியாது. புதுச்சேரியில் உலை வைக்க இருந்த அரிசியைக் குருவிக்கு இறைச்சவர்னு செல்லம்மாவே சொல்லியிருக்காங்க. திருவல்லிக்கேணி கோவில் யானைக்கும் அப்படித்தான் தேங்காய் பழம் குடுத்துப் பழக்கம். 1921-ல் ஒரு நாள் அதே யானை அவரைத் தள்ளிவிட்டது, குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கினார். அதில் பிழைச்சு, அந்த செப்டம்பரில் வயிற்றுநோயில் போனார். யானை நன்றி கெட்டதுன்னு சின்ன வயசில் கோபப்பட்டிருக்கேன். இப்ப அப்படித் தோணலை. அது சங்கிலியில் கட்டிக் கிடந்த யானை. நேத்து வாங்கித் தின்ன தேங்காய் இன்னைக்கு உத்தரவாதம் ஆகாது. அன்னன்னைக்கு அதோட முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கணும்.

மிட்டாய் இன்னும் உள்ளங்கைக்கு வர்றதில்லை. முழங்கை, தோள் வரைக்கும்தான். மேலேருந்து கை வந்தா இப்பவும் கொண்டை படுத்துரும். யாரோ எப்பவோ அப்படிப் பிடிச்சிருக்கணும். அது மறக்காது, நானும் வற்புறுத்துறதில்லை. பேசவும் இல்லை. காலையில் பேப்பர் சலசலத்தா ஒரு விசில் மட்டும் அடிக்கும்.

அந்த முதல் கிளிக்கு நாங்க பேரே வைக்கலை. இதை எழுதும்போதுதான் உறைச்சது.