கிராமப் பாடசாலையும் கணிப்பொறியும்



சென்ற சில மாதங்களாக நம் சங்கத்துக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுந்து வருகின்றது. வெளியூர்களிலே பொருளீட்டும் அங்கத்தினர் சிலர், தத்தம் பூர்வீகக் கிராமத்துப் பாடசாலைக்குக் கணிப்பொறிகள் வாங்கி அளித்தல் வேண்டுமென்று விரும்புகின்றனர். கல்விக்குக் கொடுக்கும் கை வாழ்க. ஆயினும் கொடுத்த பொருள் பயன்படாது கிடக்குமாயின், கொடுத்தவர் மனமும் வருந்தும். பெற்ற பிள்ளைகளும் ஏமாற்றமடைவர். ஆகவே இம்முயற்சி முன்னர் எங்கெங்கே, எவ்வெவ்வாறு நிகழ்ந்தது என்னும் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து, அதன் பின்னர்ப் பணப்பையை அவிழ்ப்பதே அறிவுடைமையாகும்.

கல்விக் கருவி என்பது நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்தை வரைந்து பழகினர். முதிர்ந்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாயிருந்து இளையோர்க்குப் பாடஞ் சொல்லுவான். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகட்கான பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் இம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் மேற்கொண்டார்; மாணாக்கரைக் கொண்டே மாணாக்கரைப் பயிற்றுவித்தார். தாய்நாடு மீண்டபின் 1797-இல் அவர் அதனைப் புத்தகமாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரோடு அஃது ஆங்கில நாட்டுப் பள்ளிகள் பலவற்றிற் பரவியது. மணலுக்கு விலையில்லை, பழுது பார்ப்போரும் வேண்டா. ஆயினும் மணல் தானே கற்பித்ததில்லை. பக்கத்திலே ஒருவர் அமர்ந்து விரலைப் பிடித்தார். இவ்வொன்றை மறவாது மேலே செல்வோம்.

கணிப்பொறியைக் கொண்டு பாடம் பயிற்றும் முயற்சி அமெரிக்க நாட்டில் 1960-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த பாட்ரிக் சப்பஸ் என்பார், சிறார்க்குக் கணக்குப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடொன்றைச் செய்தார். கணிப்பொறி கலிபோர்னியாவில் இருக்கும். ஆயிரங் கல்லுக்கும் அப்பாலுள்ள மிஸிஸிப்பி மாகாணத்து மக்கோம் என்னும் சிற்றூர்ப் பள்ளிகளில், தொலைபேசிக் கம்பி வழியாக அதனோடு இணைந்த தட்டச்சு யந்திரங்கள் இருக்கும். பிள்ளைகள் நாடோறும் சில நிமிடம் அவற்றின்முன் அமர்ந்து கணக்கிடுவர். 1967-68-இல் சோதித்தபொழுது, மக்கோம் பிள்ளைகள் பெரிதும் முன்னேறியிருந்தனர். கலிபோர்னியாப் பிள்ளைகளிடம் அத்துணை வேற்றுமை தோன்றவில்லை. காரணம் யாதெனின், கலிபோர்னியாவில் யந்திரமில்லாத பள்ளிகள் சிலவற்றில் உபாத்தியாயர்களே கணக்கிற்கு மிகுதியான நேரம் ஒதுக்கிப் பயிற்சியளித்தனர். எனவே, குறை எங்குளதோ அங்கே யந்திரம் மிகவும் உதவும் என்பதும், நேரமும் ஊக்கமுமுள்ள ஆசிரியர் அதற்கு ஈடாவார் என்பதும் அன்றே விளங்கின.

நம் தேசத்தில் 1984-இல் மத்திய அரசாங்கத்தார் ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தை ஏற்படுத்தி, முதற்கண் சுமார் 250 பள்ளிகளில் பிரிட்டனின் ஏகார்ன் கம்பெனியார் அமைத்த பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறிகளை வைத்தனர். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் தொடக்கத்தில் வந்த மென்பொருள்களிற் பல பிரிட்டிஷ் பள்ளிகட்கென்று ஆங்கிலத்தில் இயற்றப்பட்டவை. நம் பாடத்திட்டத்தோடு ஒட்டாதவை. ஆசிரியர்க்கு அளித்த பயிற்சியும் குறுகியதாயிருந்தது. தாய்மொழியிற் பயிலும் பிள்ளைக்கு அப்பொறி ஒரு வேடிக்கைப் பொருளாயிற்றேயன்றிப் பாடமாகவில்லை. தமிழ்நாட்டிலோ, தமிழெழுத்தைப் பொறியில் உள்ளிடும் முறையே நெடுங்காலம் பலவாறாகக் கிடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகவே ‘தமிழ் 99’ என்னும் பொது விசைப்பலகை வரையறுக்கப்பெற்று, அரசினராலும் ஏற்கப்பட்டது.

இனிக் கூர்ஜர தேசத்தின் சரித்திரம் நமக்கு மிகவும் பயன்படுவது. 2000-ஆம் ஆண்டில் வடோதரா நகராட்சிப் பள்ளிகள் நூற்றுக்கு, பள்ளிக்கு நான்காகக் கணிப்பொறிகள் அளிக்கப்பட்டன. பின்னர்ச் சென்று பார்த்தபொழுது, அவற்றைப் பிள்ளைகள் கையாளும் பள்ளிகள் மிகச் சிலவே. 2002 முதல் ஈராண்டுகள் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தார், அவ்வூராரிலேயே சிலரைப் பயிற்றி அமர்த்தி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பொறிக்கு இருவராக, வாரத்தில் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளில் ஈடுபடுத்தினர். பின்னாளில் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டப்லோ முதலியோர் இதனைச் சோதித்து, கணக்கில் நல்ல முன்னேற்றங் கண்டனர். பயிற்சி நின்று ஓராண்டு கழிந்தபின் அம்முன்னேற்றத்தின் பெரும்பகுதி தேய்ந்ததும் அவர்கள் கண்டதேயாம்.

அவருள் ஒருவராகிய லீ லிண்டன் என்பார் அம்மாகாணத்துக் கிராமப் புறத்தில் ‘ஞானசாலை’ப் பள்ளிகளிற் செய்த ஆய்வு இதனினும் நுட்பமானது. ஒரு சாராரை வகுப்பு நேரத்திலேயே, உபாத்தியாயர் பாடத்திற்குப் பதிலாகப் பொறியின்முன் அமர்த்தினர். அவர்கள் பொறியில்லாப் பிள்ளைகளினும் குறைவாகவே கற்றனர். மற்றொரு சாராரைப் பள்ளி நேரத்திற்குப் புறம்பாக அமர்த்தினர், அவர்கள் முன்னேறினர், அவருள்ளும் படிப்பிற் பின்தங்கியவர்களே மிகுதியாகப் பயன்பெற்றனர். பொறி ஒன்றே; பாடமும் ஒன்றே; ஆசிரியரை விலக்கி வைத்தபொழுது நட்டம், அவரோடு சேர்த்து வைத்தபொழுது இலாபம். இக்கட்டுரையில் யாம் சொல்லப் புகுந்த உண்மை இதுவே.

தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாடும் இதற்குச் சான்று. ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்னும் இயக்கத்தின்வழி அந்நாட்டரசு எட்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிற்று. 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றமொன்றும் காணப்படவில்லை என்று கூறிற்று. கருவி சென்றது, அதனைப் பாடத்தோடு பொருத்தும் வழிகாட்டல் செல்லவில்லை. இதற்கு மாறாக, நம் அயலாராகிய மலையாளத்தார் 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தில் பள்ளி ஆசிரியர்களையே பயிற்றி, அவருள் தேர்ந்தவரைக் கொண்டு ஏனையோரையும் பயிற்றினர். கட்டற்ற மென்பொருளை மேற்கொண்டு தம் மொழியிலேயே பாடம் அமைத்தனர்.

நம் நாட்டில் 2011 செப்டம்பரில் அரசினர் மேனிலைப்பள்ளி, கல்லூரி மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். எம் மாணாக்கர் பலர் வீட்டில் நுழைந்த முதற் கணிப்பொறி அதுவேயாகும். அந்நன்மையை யாம் மறுப்போமல்லோம். ஆயினும் யாம் நேரிற் கண்ட மற்றொன்றையும் ஈண்டுக் கூறுதல் கடமை. யாம் பணியேற்ற புதிதில், ஒரு கிராமப் பாடசாலையில் கணிப்பொறி அறையொன்று பூட்டியே கிடந்தது. மின்சாரம் நில்லாது, மின்கலம் ஓய்ந்துவிட்டது, புதிது வாங்கப் பணமில்லை. ஒரு பொறி கெட்டாலும் இருப்புப் பதிவேட்டிற்கு விடை சொல்ல வேண்டுமே என்று தலைமையாசிரியர்க்கு அச்சம். துணிபோர்த்திய அப்பொறிகளைச் சன்னற் கம்பி வழியே நோக்கிய சிறுவனொருவன், “ஐயா, இதை எப்போ தெறப்பாங்க?” என்று வினவினான். அன்று யாமும் பொறியிற் பழகாதவரே, விடையின்றி நின்றோம். திறவுகோல் கேட்கவும் எமக்குத் துணிவு பிறக்கவில்லை. அவன் பள்ளியை விட்டுச் செல்லுமளவும் அவ்வறை திறக்கப்படவில்லை. அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

ஆதலின் அங்கத்தினர் சில வினாக்களுக்கு விடை கண்டபின்னரே பொருள் வழங்குவாராக. அப்பொறியைக் கையாளும் ஆசிரியர் யார்? அவர்க்குப் பயிற்சியளிப்போர் யார்? பாடங்கள் தமிழில், நம் வகுப்பிற்குப் பொருந்த உள்ளனவா? மின்கலத்திற்கும் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும்? மாலை வேளையில் அறையைத் திறந்து பிள்ளைகளோடு அமர்பவர் யார்? பத்துப் பொறி வாங்கும் பணமிருப்பின், ஐந்து வாங்கி, மிச்சத்தைப் பராமரிப்பிற்கும், உள்ளூரிற் படித்த பெண்ணோ பிள்ளையோ ஒருவர்க்கு மாதச் சம்பளத்திற்கும் வைப்பதே நன்றென்பது எம் கருத்து. அவரே இக்காலத்துச் சட்டாம்பிள்ளை. பெயர்க்கல் பொறித்துத் திறப்புவிழாச் செய்வது ஒரு நாட் காரியம். அவ்வறை நாடோறும் திறந்திருத்தலே தருமம்.

இதுபற்றி அங்கத்தினர் தத்தம் எண்ணங்களை அடுத்த கூட்டத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம்.