காயம் பட்டால் இலையும் ஒளிரும்: கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒளி

தைப்பிங் அருகே உள்ள கம்போங் டியூவில், ஆற்றோர மரங்களில் மின்மினிகள் கூட்டமாகக் கண் சிமிட்டுவதைப் பார்க்க இரவுப் படகில் பலர் செல்கின்றனர். அந்தப் படகில் இருப்பவர்களின் உடலும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கரையோரச் செடிகளும் அப்படியே. ஆனால் அந்த ஒளி மிக மங்கலானது. கண்ணால் காண முடியாது.

மின்மினியின் ஒளி வேறு, இந்த ஒளி வேறு. மின்மினி தன் துணையை அழைக்க, வயிற்றின் நுனியில் உள்ள தனி உறுப்பில் ஒளியை உண்டாக்குகிறது. மற்ற உயிர்களில் ஒளி வருவது உயிரணுக்கள் வேலை செய்யும்போது ஏற்படும் ஒரு பக்க விளைவு. ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து நொடிக்குச் சுமார் 10 முதல் 1,000 ஒளித்துகள்களே வெளிவருகின்றன.

எப்படி உண்டாகிறது?

உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது, அதில் ஒரு சிறு பகுதி தீவிரமாக வினைபுரியும் வடிவத்துக்கு மாறுகிறது. அது உயிரணுவில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகிறது. அப்போது உருவாகும் நிலையற்ற பொருள்கள் உடையும்போது, மிஞ்சிய ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. வெட்டு, வெப்பம், நோய் என எந்த நெருக்கடி வந்தாலும் இந்த வினைகள் கூடும், ஒளியும் கூடும்.

1950களில் இத்தாலிய ஆய்வாளர்கள், முளைவிடும் விதைகளிலிருந்து இந்த ஒளி வருவதைக் கருவி கொண்டு அளந்தனர். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மைனஸ் 120 பாகை செல்சியஸுக்குக் குளிரூட்டிய கேமராவால் ஐந்து ஆடவரின் உடலொளியைப் படம் பிடித்தனர். கண்ணுக்குத் தெரியத் தேவையான அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அது. மாலை 4 மணியளவில் அது கூடுதலாக இருந்தது. முகம் மற்ற இடங்களைவிட அதிகம் ஒளிர்ந்தது.

2025இல் கனடாவின் கல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு எலிகளை உயிருடனும், இறந்த பிறகும் படம் பிடித்தனர். உடல் சூட்டை மாற்றாமல் வைத்திருந்தும், இறந்த பின் ஒளி வெகுவாகக் குறைந்தது. வீடுகளில் அழகுக்கு வளர்க்கும் குடைச்செடியின் இலையைக் கீறிப் பார்த்தபோது, கீறிய இடம் மற்ற இடங்களைவிடப் பிரகாசமாகத் தெரிந்தது.

பால் மரத்தின் காயம்

பேராக்கில் ரப்பரின் கதை 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு தொடங்கியது. அன்றைய மரம் ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. பால் வெட்டு என்பது மரத்துக்கு மீண்டும் மீண்டும் உண்டாக்கும் காயம். ஓய்வு கொடுக்காமல் வெட்டினாலோ, பால் கூட வேண்டும் என்று மருந்தை அளவுக்கு மீறித் தடவினாலோ சில மரங்களில் பால் வற்றிவிடும். மங்கு காலியாகவே இருக்கும்.

இதற்குப் பின்னால் உள்ளதும் அதே ஆக்சிஜன் வினைதான். பால் குழாய்களில் தீவிர ஆக்சிஜன் பெருகி, பாலில் உள்ள நுண்ணிய பைகளை உடைக்கிறது. அதனால் பால் குழாய்க்குள்ளேயே உறைந்துபோகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது, மரம் தன்னைச் சரிசெய்துகொள்ளக் கொடுக்கும் அவகாசம். பயிரின் நெருக்கடியை இலை வாடும் முன்பே இந்த ஒளியைக் கொண்டு கண்டறிய முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்கின்றனர்.

ஆரா படம் இது அல்ல

உடலைச் சுற்றியுள்ள 'ஆரா'வைப் படம் எடுத்து நோயைச் சொல்வதாகக் கூறுவோர் உண்டு. அவர்களில் பலர் காட்டுவது கிர்லியன் படம். 1939இல் சோவியத் நாட்டின் செம்யோன் கிர்லியன் கண்டறிந்த முறை இது. உயர் மின்னழுத்தம் கொடுக்கும்போது விரலைச் சுற்றியுள்ள காற்று மின்னுவதையே அது பதிவு செய்கிறது. விரலின் ஈரமும் அழுத்தமும் மாறினால் படமும் மாறும். நாணயத்தை வைத்தாலும் அதைச் சுற்றி ஒளி தெரியும்.

உண்மையான உயிர் ஒளியைப் பதிவு செய்ய, வெளிச்சம் சிறிதும் புகாத அறையும் குளிரூட்டிய கேமராவும் வேண்டும். கடையில் வைத்த கருவியாலோ கைப்பேசியாலோ அது முடியாது. 'பயோபோட்டோன்' என்ற பெயரில் விற்கும் ஒட்டுப்பட்டைகள் நோயைக் குணப்படுத்தும் என்பதற்கும் நம்பகமான சான்று இல்லை.

மலேசியாவில் இனிப்பு நீர் நோய் இந்தியர்களிடையே அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. இந்நோய் உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போனால், காயம் பட்டதே தெரியாமல் புரையோடலாம். உடல் ஒளியைப் பார்த்துச் சொல்கிறேன் என்பவரிடம் பணத்தையும் நாளையும் செலவழிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். ஆறாத புண்ணை அரசாங்கக் கிளினிக்கில் காட்டுவதும், இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதிப்பதும்தான் பாதுகாப்பான வழி.