ழான் ஃபெரா: வானொலி விரும்பாத பாட்டு

1963ஆம் ஆண்டு பிரான்ஸ் எண்டால் ட்விஸ்ட் காலம். அந்த ஜூன் மாதம் பாரிஸின் நாசியோன் சதுக்கத்தில் ஜொனி ஹாலிடே, சில்வி வர்த்தான் ஆக்களைப் பார்க்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளசுகள் திரண்டார்கள். போர் முடிந்து பதினெட்டு வருடம். பழசைக் கதைக்க ஆருக்கும் விருப்பமில்லை. அதே ஆண்டின் கடைசியில்தான், முப்பத்து மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர், பூட்டிய ரயில் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டு போகப்பட்ட மனிதர்களைப் பற்றி ஒரு பாட்டை வெளியிட்டார். பாட்டின் பெயர் 'இரவும் மூடுபனியும்'. பாடியவர் ழான் ஃபெரா.

ஃபெரா எண்டது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. பிறந்தது 1930 டிசம்பர் 26, ழான் டெனன்பாம் ஆக. அப்பா மினாஷா ரஷ்யாவில் இருந்து வந்து குடியேறிய யூதர், நகை வேலை செய்பவர். அம்மா பிரெஞ்சுக்காரி, செயற்கைப் பூ செய்யும் தொழிலாளி. 1942இல் அப்பாவைப் பிடித்து பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்த திரான்சி முகாமில் அடைத்தார்கள். அந்த முகாமுக்கு அப்போது காவல் நின்றது ஜெர்மன்காரர் இல்லை, பிரெஞ்சு ஜோந்தாம்கள்தான். அந்த வருடம் செப்டெம்பர் 30 அன்று ரயில் ஏற்றினார்கள். போன இடம் அவுஷ்விட்ஸ். திரும்பி வரவில்லை. பதினொரு வயதுப் பெடியனைக் கொஞ்சக் காலம் கம்யூனிஸ்ட் தோழர்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி வாதாடுகிற ஆக்கள் இந்த ஒரு விசயத்தை முதலில் யோசிக்க வேணும்.

பிறகு குடும்பத்துக்கு உழைக்கப் பள்ளிக்கூடத்தை விட்டார். இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை, இரவில் கிற்றாரும் நாடகமும். மேடைக்கு இரண்டு மூன்று பெயர் மாற்றிப் பார்த்தார். கடைசியில் வரைபடத்தில் சென்-ழான்-காப்-ஃபெரா என்ற தென்கடற்கரை ஊரின் பெயர் கண்ணில் பட, அதில் இருந்து எடுத்துக்கொண்டார். 1956இல் லூயி அராகோனின் கவிதை ஒன்றுக்கு மெட்டுப் போட்டார், பாடினது வேறொருவர். 1960இல் 'மா மோம்' பாட்டோடதான் அவரைச் சனம் அறிந்தது.

அந்த 1963 பாட்டுக்கு வருவம். தலைப்பு, 1941 டிசம்பரில் நாசிகள் போட்ட ஒரு உத்தரவின் பெயர்: பிடிபடுகிற எதிர்ப்பாளர்கள் எங்கே போனார்கள் எண்டு வீட்டாருக்குக்கூடத் தெரியக் கூடாது. ஆளை மட்டுமில்லை, ஆளைப் பற்றின தகவலையும் காணாமல் ஆக்குவது. அலன் ரெனே 1956இல் எடுத்த ஆவணப்படத்துக்கும் இதே பெயர். அந்தப் படத்தில் ஒரு புகைப்படத்தில் முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சு ஜோந்தாமின் தொப்பி தெரிந்தது. தணிக்கைக்காரர் விடவில்லை, தொப்பியை மறைச்ச பிறகுதான் படம் வெளியே வந்தது. ஒரு தொப்பிக்கே இவ்வளவு பயம்.

ஃபெரா பாட்டில் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேளம் நடை போடுவது போல அடிக்கிறது, அவர் பெயர்களைச் சொல்கிறார். ஆர் ஆரைக் கும்பிட்டார்கள் எண்டு சொல்கிற இடத்தில் இயேசு, யெகோவாவோட விஷ்ணுவும் வருகிறார். முதல் தடவை கேட்கிற எங்கட ஆக்கள் கட்டாயம் திரும்பக் கேட்பார்கள். 'இதெல்லாம் இப்ப ஆருக்குத் தேவை' எண்டு கேட்பவர்களுக்கும் பாட்டுக்குள்ளேயே பதில் இருக்கு: தேவையெண்டால் சொற்களையும் ட்விஸ்ட் ஆட வைப்பேன் என்கிறார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும். தன்னுடைய அப்பா யூதர் எண்டதற்காகக் கொல்லப்பட்டார் எண்டு பாட்டில் எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. தலைப்பில் உள்ள உத்தரவும் எதிர்ப்புப் போராளிகளுக்குப் போட்டது, மினாஷா போன்ற ஆக்களுக்கு இல்லை. எல்லாரையும் 'நாடுகடத்தப்பட்டோர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவதுதான் அன்றைய பிரான்ஸின் பழக்கம். ஃபெராவும் அந்தக் காலத்து ஆள்தான். இது பாட்டின் குறை எண்டு நான் நினைக்கிறேன். எண்டாலும் அதுகூட அப்போது அதிகம்.

ஏனெண்டால், அந்த ஜனவரியில்தான் டி கோலும் அடெனவரும் பிரெஞ்சு-ஜெர்மன் நட்பு உடன்படிக்கையில் கையெழுத்து வைத்திருந்தார்கள். நல்லிணக்க நேரம். அரச வானொலி பாட்டைத் 'தடை' செய்யவில்லை; ஒலிபரப்பாமல் விடுவது நல்லது எண்டு 'ஆலோசனை' சொன்னது. தடை எண்டால் எதிர்க்கலாம். ஆலோசனையை எப்படி எதிர்ப்பது? எண்டாலும் சனம் இசைத்தட்டை வாங்கிக் கேட்டது, ஷார்ல் குரோ அகாதெமியின் பரிசும் கிடைத்தது.

பிறகு இது வழக்கமாப் போச்சு. 1965இல் 'பொத்தெம்கின்' பாட்டுக்கும், 1969இல் 'மா ஃப்ரான்ஸ்' பாட்டுக்கும் தொலைக்காட்சிக் கதவு மூடினது. 1964இல் வந்த 'மலை' பாட்டுக்கு மட்டும் ஒருவரும் கோபப்படவில்லை. ஆர்தேஷ் மலைக் கிராமங்களை விட்டு இளம் ஆக்கள் நகரத்துக்கு, அடுக்குமாடிக்கு, மாதச் சம்பளத்துக்குப் போவதைப் பற்றியது அது. எனக்கு அவருடைய பாட்டுகளில் அதுதான் பிடிக்கும்.

கம்யூனிஸ்ட் கட்சியோட நிண்டார், ஆனால் உறுப்பினர் அட்டை எடுக்கவில்லை. 1968இல் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் போனதும் 'தோழர்' எண்டு ஒரு பாட்டில் கேள்வி கேட்டார். சோசலிச நாடுகளின் கணக்கு மொத்தத்தில் நல்லதுதான் எண்டு கட்சித் தலைவர் ஜோர்ஜ் மார்ஷே 1979இல் சொன்னபோது, அந்தக் 'கணக்கு' என்ற சொல்லையே தலைப்பாக வைத்துப் பாட்டால் திருப்பிக் கொடுத்தார். கட்சிக்காரருக்கு அது கசந்தது.

எழுபதுகளின் தொடக்கத்திலேயே மேடையை விட்டுவிட்டு, தான் பாடின அந்த ஆர்தேஷ் மலையில் அன்ட்ரேக் என்ற சின்ன ஊரில் போய் இருந்தார். ஊராட்சி உறுப்பினராகவும் வேலை பார்த்தார். 2010 மார்ச் 13 அன்று இறந்தபோது, அந்த ஊர்ச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான சனம் வந்து நிண்டது. தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பினது.