பூர்வீக ஊர்களில் மீள்குடியேற்றம்: பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின்

கி.மு. 538-ஐ அடுத்த ஆண்டுகளில், பாபிலோனிலிருந்து விடுபட்ட யூதா மக்களில் ஒரு பகுதியினர் தங்கள் முன்னோரின் ஊர்களுக்குத் திரும்பி அங்கே குடியமர்ந்தனர். எபிரேய வேதாகமத்தின் பிற்கால நூல்களுக்கும், பின்னர் வளர்ந்த யூத நெறிக்கும் இந்த மீள்குடியேற்றம் அடிப்படையான அனுபவம். எருசலேம் ஆலயம் திரும்பக் கட்டப்பட்டதும் மதில் எழுந்ததும் இதன் பெரிய நிகழ்ச்சிகளாக நினைவுகூரப்படுகின்றன. எஸ்றா நூல் சொல்லும் வரிசையோ வேறு. முதலில் மக்கள் அவரவர் ஊரில் குடியேறுகிறார்கள். ஏழாம் மாதம் பிறந்ததும் அந்த ஊர்களிலிருந்து புறப்பட்டு எருசலேமில் ஒன்றுகூட, பலிபீடம் எழுகிறது. ஆலயத்தின் அடித்தளம் அதற்கும் பிறகுதான். ஊரில் குடியிருப்பதே வழிபாட்டின் முதல் படி என்ற எண்ணம் இந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

பின்னணி

பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் எருசலேமைப் பணியவைத்து, அரசன் யோயாக்கீனையும் மேல்மட்டத்தாரையும் கைவினைஞரையும் கொண்டுபோனான். சுமார் கி.மு. 586-இல் நகரமும் ஆலயமும் எரிக்கப்பட்டன. மூன்று தவணைகளில் மொத்தம் 4,600 பேர் நாடுகடத்தப்பட்டதாக எரேமியா நூலின் கடைசி அதிகாரம் கணக்குத் தருகிறது. இராஜாக்களின் இரண்டாம் நூல் தரும் எண் இதைவிடப் பெரிது. கி.மு. 539-இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான்; யூதர் திரும்பிப் போகவும் ஆலயத்தைக் கட்டவும் அனுமதி தந்தான் என்கிறது எஸ்றா நூல். 1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த அவனுடைய களிமண் உருளை, பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடத்துக்கு அனுப்பியதைப் பேசுகிறது. எருசலேமின் பெயர் அதில் இல்லை. ஆலயம் கி.மு. 515-இல் முடிந்தது. ஆளுநர் நெகேமியா மதில் கட்ட வந்தது கி.மு. 445-இல்.

ஊர்ப்பெயரால் எண்ணப்பட்டவர்கள்

எஸ்றா நூலின் இரண்டாம் அதிகாரமும் நெகேமியாவின் ஏழாம் அதிகாரமும் திரும்பி வந்தவர்களின் ஏறக்குறைய ஒரே பட்டியல். வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் அதிகாரங்கள் இவை. மீள்குடியேற்றத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பட்டியலில் ஒரு பகுதியினர் குலமுதல்வரின் பெயரால் எண்ணப்படுகிறார்கள். அடுத்த பகுதியினர் ஊரின் பெயரால். பெத்லகேமார் 123, நெத்தோபாவார் 56, ஆனதோத்தார் 128, அஸ்மாவேத்தார் 42, மிக்மாஸ் ஊரார் 122, பெத்தேல், ஆயி ஊரார் 223, எரிகோவார் 345 என்று எஸ்றாவின் கணக்கு நீள்கிறது. இவர்களில் மிகப் பலர் பாபிலோனில் பிறந்தவர்கள். பெத்லகேமைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ஆயினும் அவர்கள் பெத்லகேமார்தான். இரண்டு தலைமுறைகளாக ஒரு ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு, அந்தப் பெயருக்கு உரிய மண்ணுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

மொத்தம் 42,360 பேர் என்று இரு நூல்களும் சொல்கின்றன. தனித்தனி எண்களைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818-உம் நெகேமியாவில் 31,089-உம்தான் வருகின்றன. பாரசீகக் காலத்து யூதேய மாகாணத்தின் மக்கள்தொகையே முப்பதாயிரத்தைத் தாண்டாது என்பது தொல்லியலாளர் பலரின் கணிப்பு. ஆகவே இது ஒரே பயணத்தில் வந்தவர்களின் கணக்காக இருக்க வாய்ப்பில்லை. பல அலைகளாக வந்தவர்களைச் சேர்த்தெழுதிய பதிவு என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். பட்டியலின் சில பகுதிகள் இன்னும் பிந்தியவை என்ற கருத்தைத் தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் முன்வைத்தார். எண்ணிக்கையில் எத்தனை ஐயம் இருந்தாலும் பட்டியலின் நோக்கம் தெளிவானது. யோசுவா நூலில் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிடப்பட்டபோது ஊர்கள் வரிசையாக எழுதப்பட்டதுபோல, இங்கும் ஊர்கள் எழுதப்படுகின்றன. இழந்த பங்கு மறுபடி கையில் வைக்கப்படுகிறது.

திரும்பாதவர்களும் ஊரை மறந்துவிடவில்லை. பாபிலோனியாவில் ‘யூதாவின் ஊர்’ என்று பொருள்படும் ஆல்-யாகூது என்ற குடியிருப்பு இருந்ததை, 2014-இல் நூலாக வெளிவந்த ஆப்பெழுத்துப் பலகைகள் காட்டுகின்றன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது, கடைசிப் பலகை கி.மு. 477. குத்தகை, வரி, கடன் என்று அன்றாட வாழ்க்கை முழுதும் அவற்றில் உண்டு. வசதியாக வேரூன்றிவிட்ட பலர் அங்கேயே தங்கினார்கள் என்பதற்கு அந்தப் பலகைகளே சான்று. திரும்பிப் போவதற்கு வேறொரு உந்துதல் வேண்டியிருந்தது.

ஆனதோத் நிலம்

அந்த உந்துதல் எத்தகையது என்பதை ஆனதோத் என்ற ஒரு சிற்றூரைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். எருசலேமுக்கு வடகிழக்கே, நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருந்த ஆசாரியர் ஊர் அது. தீர்க்கதரிசி எரேமியா பிறந்த ஊரும் அதுவே. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, எரேமியா அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது அவருடைய பங்காளி அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். நெருங்கிய உறவினருக்கே மீட்கும் உரிமை என்பது வழக்கம். எதிரியின் கைக்குப் போகவிருந்த மண் அது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் மண்பாண்டத்தில் இட்டு நெடுங்காலம் காக்கும்படி எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைத்தார். இந்நாட்டில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மறுபடி வாங்கப்படும் என்பதற்கு அந்தப் பத்திரமே அடையாளமாயிற்று.

இதே ஆனதோத்தின் ஆண்கள்தான் முன்பொருமுறை எரேமியாவின் வாயை அடைக்க அவரைக் கொல்ல முயன்றவர்கள். அவர்களில் மீதியாக ஒருவரும் இரார் என்ற கடுமையான தீர்ப்பும் அவர் நூலின் பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பையும் தாண்டி, எஸ்றாவின் பட்டியலில் ஆனதோத்தார் 128 பேர் வருகிறார்கள். நூல்கள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசுவதில்லை. ஆனால் சேர்த்துப் படிக்கும்போது மீள்குடியேற்றத்தின் ஆன்மிகப் பொருள் துலங்குகிறது. ஊருக்குத் திரும்புவது என்பது தண்டனை முடிந்ததற்கான அடையாளம். மன்னிப்பு நிலத்தின்மீது எழுதப்படுகிறது. தீர்க்கதரிசி எசேக்கியேல் தம் நூலின் முப்பத்தாறாம் அதிகாரத்தில் இதையே நேரடியாகச் சொல்கிறார்: மக்கள் தங்கள் அக்கிரமங்களிலிருந்து கழுவப்படும் நாளும் பாழான பட்டணங்கள் குடியேறும் நாளும் ஒன்றே. தீர்க்கதரிசி சகரியாவின் கனவு இன்னும் எளியது. முதியோர் கோலூன்றித் தெருக்களில் உட்கார்ந்திருப்பதும் பிள்ளைகள் அங்கே விளையாடுவதும் அவருக்குக் கடவுள் திரும்பி வந்ததன் சான்று.

நிலம் யாருடையது

லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் இதற்கு ஒரு சட்டப் பின்புலம் தருகிறது. நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் பரதேசிகளும் தங்கிச் செல்பவர்களுமே. அதனால் நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது. ஐம்பதாவதான யூபிலி ஆண்டில் ஒவ்வொருவரும் தம் காணியாட்சிக்குத் திரும்பவேண்டும். பாபிலோனிலிருந்து திரும்பியது தேசம் முழுவதற்குமான யூபிலியாகத் தோன்றியிருக்கும். நாளாகமத்தின் இரண்டாம் நூலும் சிறையிருப்பின் 70 ஆண்டுகளை, மக்கள் கைக்கொள்ளாமல் விட்ட ஓய்வுகளை நிலம் அனுபவித்துத் தீர்த்த காலமாகக் காண்கிறது. மண்ணுக்கும் கடவுளோடு ஒரு கணக்கு உண்டு என்பது இதன் உட்கிடை.

இந்தச் சட்டம் வெறும் பெருமைக்கு இடங்கொடுக்கவில்லை என்பதற்கு நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம் போதும். திரும்பிவந்து ஒரு நூற்றாண்டு ஆகும் முன்பே ஏழைகள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினார்கள். அரசனின் வரிக்காகக் கடன்பட்டுப் பிள்ளைகளை அடிமையாக விட்டார்கள். கடன் கொடுத்தவர்களும் யூதர்களே. நெகேமியா பெரியவர்களைக் கூட்டத்தில் நிறுத்திக் கண்டித்து, நிலத்தையும் வட்டியையும் அன்றைக்கே திருப்பித் தரச் செய்தார். மூதாதையர் மண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டதால் மட்டும் திரும்புதல் முடிந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் தன் மண்ணில் நிலைக்கும்படி விடுவதும் அதில் சேர்ந்ததே. அக்காலத்து எழுத்துகளில் அறத்தின் வலிமை மிகுந்த பகுதி இதுவென்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

இருந்தவர்களும் வந்தவர்களும்

நாடு வெறுமையாகக் கிடக்கவில்லை. எருசலேம் அழிந்தபின் ஆளுநர் கெதலியா மிஸ்பாவிலிருந்து நிர்வகித்தார். எஞ்சியவர்கள் ஊர்களில் குடியிருந்து திராட்சை ரசமும் கோடைக்காலப் பழமும் நிறையச் சேர்த்தார்கள் என்று எரேமியா நூலே கூறுகிறது. பென்யமீன் பகுதியின் ஊர்கள் பல தொடர்ந்து மக்கள் வாழ்ந்த இடங்கள் என்பதை அகழாய்வும் காட்டுகிறது. நிலம் எங்களுக்கே என்று எஞ்சியவர்கள் சொன்னதை எசேக்கியேல் கண்டித்தார். திரும்பியவர்களோ தாங்களே உண்மையான இஸ்ரவேல் என்றார்கள். தெல்மேலா, தெல்அர்சா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களில் 652 பேர் தங்கள் தகப்பன் வீட்டைச் சான்றுகாட்ட முடியாமல் நின்றார்கள் என்கிறது எஸ்றா நூல். மூன்று ஆசாரியக் குடும்பங்கள் வம்சப் பதிவு கிடைக்காததால் பணியிலிருந்து விலக்கப்பட்டன. பிறகு அயற்பெண்களை மணந்தவர்கள் மனைவியரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிடும்படி வேதபாரகர் எஸ்றா செய்த ஏற்பாடு, இந்த வரலாற்றில் மனம் ஒப்பமுடியாத இடம். அதே மரபுக்குள் எசேக்கியேலின் நாற்பத்தேழாம் அதிகாரம் எதிர்த்திசையில் பேசுகிறது: இஸ்ரவேலரிடையே தங்கிப் பிள்ளைபெற்ற அந்நியருக்கும், அவர்கள் தங்கியிருக்கும் கோத்திரத்திலேயே நிலப்பங்கு தரவேண்டும் என்பது அவர் விதி.

எருசலேமும் ஊர்களும்

மதில் முடிந்தபோது எருசலேம் பரந்த நகரம், குடிகள் குறைவு. பத்துப் பேரில் ஒருவர் நகரில் குடியிருக்கச் சீட்டுப் போடப்பட்டது. ஒன்பது பேர் தங்கள் ஊர்களிலேயே இருந்தார்கள். தாமாக முன்வந்து நகருக்குப் போனவர்களை மக்கள் வாழ்த்தினார்கள். பரிசுத்த நகரில் வசிக்க இவ்வளவு தூண்டுதல் வேண்டியிருந்தது என்றால், சொந்த ஊரின் பிடிப்பு எத்தகையது என்பது விளங்கும். அந்த ஊர்களைப் பெயர்சொல்லியே நெகேமியாவின் பதினோராம் அதிகாரம் குறிக்கிறது: கீரியாத் அர்பா, பெயெர்செபா, சிக்லாக், லாகீஸ், அசெக்கா, லோது, ஓனோ. ஆலயம் இந்த ஊர்களின் தசமபாகத்தில்தான் இயங்கியது. பங்கு வராமல் போனபோது லேவியரும் பாடகரும் தங்கள் வயல்களுக்குத் திரும்பிப் போய்விட்டதை நெகேமியா வேதனையோடு பதிவுசெய்கிறார். பலிபீடத்துக்கு விறகு கொண்டுவர ஆண்டில் குறித்த நாள்களைப் பெற்ற குடும்பங்களை, பிற்கால யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் தானித் பகுதி வரிசைப்படுத்துகிறது. பாரோஷ், சேனாகா முதலிய பெயர்கள் எஸ்றாவின் பட்டியலில் வருபவையே.

இரண்டாம் புனிதம்

மீள்குடியேற்றத்துக்கு மிக ஆழமான விளக்கம் தந்தவர்கள் பிற்கால யூத அறிஞர்கள். யோசுவா காலத்தில் நிலம் ஒருமுறை புனிதமாக்கப்பட்டது. எஸ்றா காலத்தில் மறுமுறை. முதலாவது வாள்வலியால் வந்ததால், வேறொரு வாள் வந்தபோது அது நீங்கியது. இரண்டாவது மக்கள் வந்து குடியிருந்து உரிமைகொண்டதால் வந்தது, ஆகவே நிலைத்தது என்று 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடெஸ் தம் சட்டத் தொகுப்பில் விளக்கினார். வென்றெடுத்தலைவிட வாழ்ந்திருத்தல் வலியது என்ற இந்தத் தீர்ப்பு, சிறு எண்ணிக்கையில், அந்நிய அரசின்கீழ், படையின்றி வந்தவர்களின் குடியேற்றத்தை யோசுவாவின் வெற்றிக்கும் மேலே வைக்கிறது.

இது நடைமுறைச் சட்டமாகவும் இருந்தது. ஏழாவதான ஓய்வாண்டின் விதிகள், பாபிலோனிலிருந்து வந்தோர் குடியேறிய பகுதியில் கடுமையாகவும், எகிப்திலிருந்து வந்தோர் மட்டும் கைக்கொண்ட பகுதியில் தளர்வாகவும் இருந்ததை மிஷ்னாவின் செவியித் பகுதி வகுக்கிறது. திரும்பிவந்தவர்கள் சில ஊர்களை வேண்டுமென்றே புனிதமாக்காமல் விட்டார்கள். ஓய்வாண்டில் பயிரிடாத ஏழைகள் அங்கே விளைவதைச் சார்ந்து பிழைக்கட்டும் என்பதற்காக, என்று மிஷ்னாவின் விரிவுரையான தல்மூதின் குல்லின் பகுதி காரணம் காட்டுகிறது. பெத்சேயான் அப்படி விலக்குப் பெற்ற ஊர். அதற்குத் தெற்கே, ரெகோப் என்னுமிடத்தில் 1970-களில் தோண்டியெடுக்கப்பட்ட பைசாந்தியக் காலத்துத் தொழுகைக்கூடத்தின் தரையில், 29 வரி எபிரேயக் கல்வெட்டு ஒன்று சிறு கற்களால் பதிக்கப்பட்டிருக்கிறது. பாபிலோனிலிருந்து வந்தோர் கைக்கொண்ட நிலத்தின் எல்லையையும், எந்தெந்த ஊரில் எந்த விளைபொருளுக்குத் தசமபாகம் உண்டு, எதற்கு இல்லை என்பதையும் அது ஊர் ஊராகச் சொல்கிறது. எஸ்றாவின் பட்டியல் எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும், அந்தப் பகுதி உழவர்கள் தங்கள் வெள்ளரிக்காய்க்கும் எள்ளுக்கும் அந்த எல்லையைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.