மெட்ராஸ் ஐ: பேர் வந்த கதை

போன வாரம் எபிசோடு வரல. என் கண்ணுதான் காரணம். காலையில எழுந்தா செக்கச்செவேல்னு இருக்கு, வலி வேற. ஆபீஸ்ல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "மெட்ராஸ் ஐ மச்சி." நானும் மெடிக்கல் ஷாப்ல ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கிட்டேன்.

படுத்துக்கிட்டே அந்தப் பேரைத் தோண்ட ஆரம்பிச்சேன். எழும்பூர் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய கிர்க்பாட்ரிக், மெட்ராஸில் கூட்டமாகப் பரவிய ஒரு கண் நோயைப் பற்றி 1920-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கருவிழியிலும் புள்ளிகள் விழும் நோய் அது. "1918-லயே எழும்பூர்ல அடினோ வைரஸைக் கண்டுபிடிச்சாங்க"ன்னு சுத்துற கதைதான் இடிக்குது. அந்த வைரஸைப் பிரிச்செடுத்ததே 1953-ல, அமெரிக்காவுல. கிர்க்பாட்ரிக் பார்த்தது நோயை, வைரஸை இல்ல.

கானாவுல 1969-ல இதே மாதிரி ஒண்ணு பரவினப்ப, அதுக்கு 'அப்போலோ'ன்னு பேர் வச்சாங்க. நிலாவுல மனுஷன் இறங்கின வருஷமாச்சே! அதுக்குக் காரணம் வேற வைரஸ்.

என் கதைக்கு வரேன். மெட்ராஸ் ஐ-ன்னா உறுத்தல், நீர், பீளை. பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள தானா அடங்கும். பார்த்தா ஒட்டாது, கை, துண்டு வழியா ஒட்டும். எனக்கோ வெளிச்சம் பார்த்தாலே குத்துச்சு, பார்வை மங்குச்சு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "லென்ஸோட தூங்குனீங்களா?" ஆமா, ரெண்டு நாள். கருவிழியில புண். நான் வாங்கின சொட்டு மருந்துல ஸ்டீராய்டு. அது இந்தப் புண்ணை இன்னும் மோசமாக்கும், பார்வையே போகலாமாம்.

பாட்டிலை அங்கேயே குப்பையில போட்டேன். இப்போ சோடாபுட்டிக் கண்ணாடியோடதான் பேசிட்டிருக்கேன்.