கொய்னாவும் வட்டப்படையும்

1934ஆம் ஆண்டில் இலங்கையின் ஈரவலயத்தை அடுத்த பகுதிகளில் மழை பொய்த்தது. மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுக்கையிற் குட்டைகளாய்த் தேங்கின. ஓடும் நீரிற் பெருகமாட்டாத நுளம்பு அக்குட்டைகளிற் பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியிற் கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் மூண்ட மலேரியாக் காய்ச்சல் 1935இலும் தொடர்ந்து, நாடெங்கும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. அக்காலத்திற் சிற்றூரிலும் தோட்டத்து லயத்திலும் யாவரும் அறிந்த மருந்து கொய்னா. அம்மருந்தும் அதன் வழிவந்தனவும் தோலில் எழும் வேறொரு நோய்க்கும் உதவின என்பது, சப்பிரகமுவத் தோட்டங்களின் சுகாதார வரலாற்றோடு சேர்த்து நோக்கற்பாலது.

அந்நோய் வட்ட லூப்பசு. லூப்பசு என்பது ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்; முகத்தைக் கடித்துக் குதறினாற்போன்ற புண்களுக்கெல்லாம் ஐரோப்பியர் இட்ட பழம்பெயர். 1851இற் பாரிசு நகர வைத்தியர் கசெனாவ் இச்செந்தடிப்பு வகைக்குத் தனிப்பெயர் வழங்கினார். 1872இல் வியன்னாவைச் சேர்ந்த கப்போசி, தோலளவில் நிற்கும் வட்ட வகையையும் உடலினுள்ளும் பரவும் வகையையும் பிரித்துக் காட்டினார். கன்னத்திலோ மூக்கிலோ காசளவான தடிப்பு. அதன்மேல் ஒட்டிய செதில். செதிலை உரித்தால் அதன் அடிப்புறத்தில் ஆணிமுனை போன்ற முட்கள். ஆறும்போது நடுவில் வடு. வெயில் பட்டால் மீண்டும் மூளுதல். இது நூல் கூறும் இலக்கணம்.

நோயோ இலக்கணத்துக்கு அடங்குவதன்று. சிலரிடத்து உச்சந்தலையில் மட்டும் தோன்றி மயிரை வேரோடு அழிக்கும். சிலரிடத்துக் காதுமடலின் குழியிலே ஒளிந்திருக்கும். கையில் மருப்போலத் தடித்து எழுவதும், உதட்டிலும் வாயினுள்ளும் வெண்கோடுகளாய்ப் படர்வதும், அரிதாக உள்ளங்கை உள்ளங்கால்களிற் புண்ணாவதும் உண்டு. தோலின் கீழுள்ள கொழுப்பில் இறங்கி, மேற்பரப்பைக் குழிவிழச் செய்யும் வகையும் உண்டு. வெண்ணிற மக்களைப் பார்த்து எழுதப்பட்ட பழைய நூல்கள் செந்நிறத்தைத் தேடுமாறு கூறும். கருந்தோலிற் செம்மை மங்கிவிடும். நடு வெளுத்து விளிம்பு கறுத்து நிற்கும்.

இவ்விடத்தேதான் இடர் தொடங்குகிறது. வெளுத்த படையைக் கண்ட மாத்திரத்தில் மக்கள் மனம் குட்டத்தையே நினைக்கும். ஆயுள்வேதம் பல தோல்நோய்களைக் குட்டம் என்னும் ஒரே பெயரின்கீழ் 18 வகையாக வகுத்தது. பெயர் ஒன்றானமையின் அச்சமும் ஒன்றாயிற்று. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் அமைத்த குட்டநோயாளர் இல்லமும், நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வழிசெய்த 1901ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வச்சத்துக்கு உருவம் கொடுத்தன. ஒரே சுவரின் இருபுறமும் குடியிருந்து, ஒரே பீலியில் நீர் பிடித்து வாழ்ந்த லயத்து மக்களிடையே, ஒரு பெண்ணின் கன்னத்து வெண்தழும்பு அவள் திருமணத்தையும் தடுக்கவல்லது. லூப்பசு தொற்றுவதன்று. குட்டப் படையிற் பெரும்பாலும் தொடுவுணர்ச்சி குன்றும். லூப்பசில் அது குன்றுவதில்லை. ஒரு பஞ்சுத்திரி பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். ஐயமிருப்பின் தோற்றுணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குவர்.

இந்நோய்க்குக் கொய்னா கொடுத்துப் பயன் கண்டவர் இலண்டன் மாநகரின் பேன் என்னும் வைத்தியர், ஆண்டு 1894. இரத்தக் குழாய்களின் கோளாறே நோய்க்குக் காரணம் என்று அவர் எண்ணினார். உடலின் காப்பாற்றலே உடலைத் தாக்குவதால் இது விளைகிறது என்பது பிற்காலத்துத் துணிபு. கருதிய காரணம் பொருந்தவில்லை. கொடுத்த மருந்து பொருந்திற்று. எனினும் பின்னர் வந்தோர் தங்க உப்புக்களையும் பிசுமத்தையும் நாடினர்.

கொய்னா தரும் சிங்கோனா மரம் இலங்கைக்குப் புதிதன்று. 1861இல் ஹக்கலையில் அதற்கெனவே தோட்டம் அமைந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழியத் தொடங்கவே, துரைமார் பலர் மலைநாட்டிற் சிங்கோனாவை நட்டனர். 1880களில் அளவிறந்த பட்டை உலகச் சந்தையிற் குவிந்து விலை வீழ்ந்தது. சிங்கோனா நின்ற இடத்தில் தேயிலை வந்தது. கொய்னா வாணிகம் யாவாவின் கைக்குச் சென்றது. தன் மண்ணில் விளைந்த மருந்தைப் பிறநாட்டிலிருந்து வாங்கும் நிலையிலேதான் கேகாலை 1934இன் காய்ச்சலை எதிர்கொண்டது. அதே ஆண்டிற் செருமனியிற் குளோரோகுவின் முதன்முதலாக ஆக்கப்பட்டமை வியப்பான உடனிகழ்ச்சி.

1942இல் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றவே, நேச நாட்டுப் படைவீரர்க்குக் கொய்னாவுக்குப் பதிலாக மெப்பக்கிரின் வழங்கப்பட்டது. தோலை மஞ்சளாக்கும் அம்மருந்தை 18 லூப்பசு நோயாளர்க்குக் கொடுத்துப் பெரும்பாலார் நலமுற்றதைப் பேச் என்பவர் 1951இல் லான்செற் ஏட்டில் வெளியிட்டார். அதன்பின் குளோரோகுவினும் ஐதரொட்சிக் குளோரோகுவினும் வந்தன. நெடுங்காலம் உட்கொண்டால் இவை விழித்திரையைக் கெடுக்கக்கூடும் என்பது 1959இல் வெளியாயிற்று; ஆதலின் இன்று உடல் நிறைக்கேற்ப அளவிட்டு, காலந்தோறும் கண்ணைச் சோதித்தே கொடுக்கின்றனர். மேலே பூசும் இசுத்தெரோயிட்டுக் களிம்பும் வெயிற்காப்பும் உடன் வேண்டப்படும். திறந்த மலைச்சரிவில் நாள் முழுதும் கொழுந்து பறிப்பவளுக்கு இப்பின்னையதே எல்லாவற்றினும் கடினம்.

இலங்கையில் உள்நாட்டு மலேரியா 2012இல் இறுதியாகக் காணப்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. காய்ச்சல் போயிற்று, அதற்கென ஆக்கிய மருந்து வட்டப்படைக்காக எஞ்சி நிற்கிறது. வடுவாகிவிட்ட இடத்தில் மயிர் மீள்வதில்லை. வெளுத்த நிறமும் பெரும்பாலும் மீள்வதில்லை. எனவே மருந்து தொடங்கும் காலமே முதன்மையானது. பல்லாண்டு வெளுத்துக் கிடந்த வடுவில் ஆறாப் புண்ணோ தடிப்போ எழுமாயின், அது புற்றுநோயோ என உடனே சோதித்தல் வேண்டும்.